சின்னக் கடதாசி வியாதி

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

விஷயம் இதுதான். மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போகமுதல், சொல்ல வேண்டியதை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போக வேண்டும் என்பது என் கட்சி. அதிலும் எங்கட ஆக்கள், பாரிசில், கட்டாயம் எழுதிக்கொண்டு போக வேண்டும். நானும் அப்படித்தான் போகிறேன். (ஓம், போகிறேன். மாஸ்டர்ஸ் படிக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தோடு எழும்பிப் போகலாம் :-))

இதற்கு எதிர்க்கட்சியும் இருக்கிறது. சும்மா ஆக்களில்லை, பெரிய தலைகள். முதலில் அவர்களைப் பார்ப்போம்.

ஒஸ்தர்லிட்ஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1880களின் கடைசியில் அங்கே ழான் மார்த்தான் ஷார்கோ செவ்வாய்க்கிழமைகளில் நோயாளிகளை முன்னால் இருத்தி வகுப்பு எடுப்பார். அந்தக் காலத்து நரம்பியலில் அவர்தான் ராசா. ஒருவகை நோயாளிக்கு அவர் வைத்த பெயர் 'சின்னக் கடதாசி மனுசன்'. உள்ளே வந்து இருந்ததும் சட்டைப்பைக்குள் இருந்து மடித்த கடதாசியை எடுத்து, மறந்துபோகக் கூடாதென்று தன் வருத்தங்களை வரிசையாக வாசிக்கிற ஆள். கடதாசி வெளியே வந்தாலே இது நரம்புத் தளர்ச்சிக் கேஸ் என்று பிடித்துவிடலாம் என்பது அவர் கணிப்பு. பிறகு பிரெஞ்சு வைத்தியத்தில் அது 'மலாதி து பெத்தி பப்பியே', அதாவது சின்னக் கடதாசி வியாதி, என்று ஒரு பேச்சாகவே நிலைத்துவிட்டது.

1885 ஒக்டோபரில் வியன்னாவில் இருந்து ஒரு இளம் டாக்டர், எங்களைப் போலத்தான், ஸ்கொலர்ஷிப்பில் சல்பெத்ரியேருக்குப் படிக்க வந்தார். அடுத்த பெப்ரவரி வரை இருந்தார். பெயர் சிக்மண்ட் பிராய்ட். சிகிச்சையை எப்படித் தொடங்குவது என்று 1913இல் அவர் எழுதிய கட்டுரையில் எங்கள் கடதாசிக்கு இன்னொரு அடி விழுகிறது. என்ன சொல்வதென்று முன்கூட்டித் தயார்படுத்திக்கொண்டு வருகிற நோயாளிகள் உண்டு. பார்த்தால் ஆர்வம் மாதிரி இருக்கும், உள்ளுக்குள் அது ஒரு எதிர்ப்பு. அப்படித் தயார்படுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள் என்கிறார். தயாரிப்பு நடந்தால் உண்மையான சரக்கு வெளியே வராது என்பது அவர் பயம்.

ஆக, ஒருவர் கடதாசியே வியாதி என்கிறார். மற்றவர் கடதாசி ஒரு மறைப்பு என்கிறார். இது நூறு வருடப் பழங்கதை என்று தள்ளவும் ஏலாது. நான் மடித்த கடதாசியை எடுத்தபோது ஒரு டாக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு முன்னமே கன கடதாசிகளைப் பார்த்துச் சிரித்துப் பழகிய சிரிப்பு.

ஷார்கோவுக்கு 1985இல் பதில் வந்துவிட்டது. ஜோன் பர்னம் என்ற அமெரிக்க டாக்டர், நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில், இதே பிரெஞ்சுப் பெயரைத் தலைப்பாகப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். தன்னிடம் பட்டியலோடு வந்த நோயாளிகளையும் மற்றவர்களையும் வைத்துப் பார்த்தார். பட்டியல் எழுதுவது மனநோயின் அடையாளம் இல்லை என்பதுதான் முடிவு. விஷயத்தை ஒழுங்குபடுத்தவும், விளங்கிக்கொள்ளவும், நிலைமையைக் கொஞ்சமாவது தன் கையில் வைத்திருக்கவும்தான் மனிதர் எழுதுகிறார்கள். எங்கட அம்மாமார் கடைக்குப் போகமுதல் துண்டு எழுதுகிற மாதிரித்தான்.

பிராய்ட் வேறு ரகம். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, கீழே வருகிறேன். ஆனால் அவர் யாரை வைத்துக்கொண்டு சொன்னார் என்று பாருங்கள். ஞாயிறு தவிர்த்து ஒவ்வொரு நாளும், நாளுக்கு ஒரு மணித்தியாலம், மாதக்கணக்காக, அநேகமாகத் தன் சொந்த மொழியில் கதைக்க வருகிற ஆள். இன்றைக்கு மறந்தால் நாளைக்குச் சொல்லலாம். எங்களுக்குக் கிடைப்பது என்ன? மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைக்கிற ஒரு ரொந்தேவூ. அரை மணித்தியாலம். இரவல் மொழி. இன்றைக்கு மறந்தால் அடுத்த தவணையில்தான், அதுவும் வந்தால். வியன்னா சோபாவுக்கு எழுதிய சட்டம் இதற்குப் பொருந்தாது.

இனி எங்கட லாச்சப்பலுக்கு வருவோம்.

மெத்ரோவில் இருந்து இறங்கி ஃபோபூர் சந்தெனி வழியாக நடந்தால் மரக்கறிக்கடை, நகைக்கடை, சீலைக்கடை, ரோல்ஸ் மணம். ரூ காய், ரூ பெர்தொனே எல்லாம் எங்கட தெருக்கள். அதே ஃபோபூர் சந்தெனியில் 200ஆம் இலக்கம் என்ன தெரியுமோ? ஃபெர்னோ விடால் ஆஸ்பத்திரி. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, குடி முதலான அடிமைப் பழக்கங்களுக்கு வைத்தியமும் இருக்கிறது. முருங்கைக்காயும் மிளகாய்த்தூளும் வாங்கிக்கொண்டு நாங்கள் எத்தனை ஆயிரம் தரம் அந்த வாசலைக் கடந்திருப்போம். தெரிந்த அக்கா ஒருவரிடம் சொன்னேன். "உது விசர் ஆக்களுக்கு எல்லோ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுக்குள்ள போறதை ஆரும் கண்டால்?" என்றார். முதல் பதிலைவிட இரண்டாவதுதான் உண்மையான தடை.

அந்த வாசலையும் தாண்டி உள்ளே போன பிறகு இன்னொரு தடை இருக்கிறது. அதைப்பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, ஆனபடியால் நான் எழுதுகிறேன்.

எங்கட சனத்துக்கு எழுதுவது புதிதில்லை. பாரிசுக்கு வந்த ஈழத்தமிழரில் கனபேர் இந்த நாட்டில் முதல் எழுதியதே தங்கள் கதையைத்தான். 'கேஸ்' எழுதுவது என்போம். ஒஃப்ராவுக்கு, 21 நாளுக்குள், பிரெஞ்சில் எழுதி அனுப்ப வேண்டும் என்பதுதான் பல வருடமாக இருந்த விதி. பிடித்தது எப்போது, அடித்தது எங்கே, விட்டது எந்தத் தேதி. பிறகு நேர்முகத்தில் இருத்தி அதையே கேட்பார்கள். திகதி பிசகினால் சந்தேகம். நிராகரித்தால் மொந்த்ரேயில் இருக்கிற மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மறுபடியும் அதே கதை. தன் வாழ்க்கையைச் சொல்வதென்றால் சோதனை எழுதுவது, பிழைவிட்டால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள், இதுதான் கனபேருக்கு உடம்பில் ஊறிய பாடம்.

அப்படிப்பட்ட ஒருவரை உளவியலாளருக்கு முன்னால் இருத்தி "சொல்லுங்கோ" என்றால் என்ன நடக்கும்? ஒன்றில் கேஸில் எழுதியதை ஒப்புவிப்பார். இல்லாவிட்டால் கேஸில் எழுதாத எதையும் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வார். பத்து வருடத்துக்கு முன்னம் கார்ட் கிடைத்துவிட்டாலும் இதே பயம்தான். இரண்டு வழியிலும் நித்திரை வராதது வெளியே வராது. கனவில் கத்துவது வராது. பிள்ளைக்குக் கை நீட்டிவிட்டுக் குளியலறைக்குள் இருந்து அழுதது வராது.

அதனால்தான் சொல்கிறேன்: இது வேறு கடதாசி. இதில் திகதி வேண்டாம். "எப்ப எண்டு ஞாபகமில்லை" என்றால் அப்படியே எழுதுங்கள், ஞாபகமில்லாததும் டாக்டருக்கு ஒரு தகவல்தான். இதை யாரும் கேஸோடு ஒப்பிடப் போவதில்லை. வைத்திய இரகசியத்தை வெளியே விட்டால் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டம் 226-13ஆம் பிரிவின்படி ஒரு வருடச் சிறை, 15,000 யூரோ தண்டம். தொழில்முறை மொழிபெயர்ப்பாளருக்கும் இரகசியம் காக்கிற கடமை உண்டு. இதைத் தெரிந்துகொண்டு போனாலே பாதிப் பேருக்கு வாய் திறக்கும்.

அடுத்தது மொழி. 1994இல் யாழ்ப்பாணத்தில் இருந்து தயா சோமசுந்தரமும் சிவயோகனும் பிரிட்டிஷ் ஜேர்னல் ஒஃப் சைக்கியாட்ரியில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். போருக்குள் வாழ்ந்த சாதாரண சனத்தில் 98 பேரைப் பார்த்து எழுதியது. அதில் அதிகமாகத் தெரிந்தது மனத்துயரம் உடம்பு வருத்தமாக வெளிப்படுவதுதான், 41 வீதம். எல்லாரும் கதைக்கிற அந்தப் போர் அதிர்ச்சி நோய் 27 வீதம். எங்கட மனம் உடம்பால்தான் கதைக்கிறது. நெஞ்சு பாரம், தலையிடி, கை கால் விறைப்பு, பெருமூச்சு, வயித்துக்குள்ள என்னவோ செய்யுது.

இப்போது அரைகுறைப் பிரெஞ்சில் "பெருமூச்சு வருகுது" என்பதை எப்படிச் சொல்வீர்கள்? மூச்சு விடக் கஷ்டம் என்று சொல்லிவிடுவோம். டாக்டர் நெஞ்சுப் படம் எடுக்க எழுதிவிடுவார். படம் சுத்தமாக இருக்கும். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். ஒன்றுமில்லாத ஒன்றோடு அந்த மனிதர் இரவு வேலைக்குப் போய்ச் சட்டி கழுவுவார். இப்படி வருடக்கணக்காகத் திரிகிறவர்களை எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே தமிழிலேயே எழுதுங்கள், உங்கள் ஊர்ச் சொல்லிலேயே எழுதுங்கள். சொல்லை மொழிபெயர்ப்பது உங்கள் வேலையில்லை. ரொந்தேவூ எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இது யாசகம் இல்லை: 2016 ஜனவரிச் சுகாதாரச் சட்டத்தில் மொழிபெயர்ப்புக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், 2017இல் நாட்டின் உயர் சுகாதார ஆணையம் அது எப்படி நடக்க வேண்டும் என்று வழிகாட்டியும் போட்டது. 1970இல் தொடங்கிய 'ஐ.எஸ்.எம். இன்டெர்ப்ரெதாரியா' மாதிரியான அமைப்புகள் தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பார்கள். எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதும் உண்மை. கேட்காத இடத்தில் ஒருநாளும் கிடைக்காது என்பது அதைவிட உண்மை.

ஒன்றே ஒன்று, தயவுசெய்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். "அம்மாவுக்கு சாக வேணும் போல இருக்காம்" என்று ஒரு பதினொரு வயதுப் பிள்ளை பிரெஞ்சில் சொல்ல வேண்டிவந்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள். பெரும்பாலும் அம்மா அதைச் சொல்லவேமாட்டா, அதுதான் இன்னும் மோசம். மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டாலும் கடதாசியை மடித்து டாக்டரிடம் கொடுத்துவிட்டு வரலாம். பிறகு அவர் ஆளைப் பிடித்து வாசிப்பிப்பது அவர் பாடு.

சரி, என்னத்தை எழுதுவது? நான் வைத்திருக்கிற ஒழுங்கு இது. ஒரு பக்கம்தான், அதற்கு மேல் யாரும் வாசிக்கமாட்டார்கள்.

1. முதல் வரி: சொல்ல மிகவும் கஷ்டமான விஷயம். பிராய்டில் நியாயம் இருக்கிறது என்றேனே, அது இங்கேதான். நித்திரை, சாப்பாடு, தலையிடி என்று வடிவாகப் பட்டியல் போட்டு, முக்கியமானதைக் கடைசியில் வைத்து, "நேரம் முடிஞ்சுது" என்றதும் நிம்மதியாக எழும்பி வருவது மனிதக் குணம். கடதாசி அப்போது கேடயமாகிவிடும். தலைகீழாக எழுதினால் அந்த ஆபத்து குறையும்.

2. எப்போதிருந்து, எது மாறியது. "முந்தி கூட்டத்தோட கிரிக்கெட் விளையாடப் போவன், மார்கழிக்குப் பிறகு போறேல்லை" என்பது "டிப்ரெஷன்" என்பதைவிட நூறு மடங்கு பிரயோசனம். நோயின் பெயரை நாங்கள் எழுதத் தேவையில்லை, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

3. நித்திரை எத்தனை மணித்தியாலம், சாப்பாடு எத்தனை நேரம், வேலை எந்த ஷிப்ட், குடி எவ்வளவு. இலக்கமாக எழுதுங்கள். "கொஞ்சம் குடிப்பன்" என்பதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு அளவு.

4. எடுக்கிற மருந்து எல்லாம். ஊரில் இருந்து வந்த சித்த, ஆயுர்வேத மருந்தும் சேர்த்து. சிலது இங்கே எழுதுகிற மருந்தோடு ஒத்துப்போகாது.

5. சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா, எத்தனை தரம், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறேனா. இதை எழுதினால் உடனே பிடித்து அடைத்துவிடுவார்கள் என்று எங்கள் ஆக்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நினைப்போடு வருகிறவர்களை அவர்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார்கள், பெரும்பாலானவர்கள் கதைத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குத்தான் போகிறார்கள். எழுதாமல் விடுவதுதான் ஆபத்து.

6. நான் கேட்க வேண்டியது: மருந்தின் பெயர் என்ன, வேலைசெய்ய எத்தனை நாள், என்ன பக்கவிளைவு, அடுத்த தவணை எப்போது. மனச்சோர்வு மருந்துகளுக்குப் பலன் தெரிய அநேகமாக இரண்டு தொடக்கம் நாலு கிழமை செல்லும். அது தெரியாமல் ஐந்தாம் நாளே "வேலைசெய்யேல்லை" என்று குப்பையில் போடுகிறவர்கள் எத்தனை பேர்! திடீரென்று நிறுத்துவதும் கூடாது. அதனால் பதிலையும் அதே கடதாசியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

பதிவு எழுதுகிற எங்கள் சாதிக்கு விசேட எச்சரிக்கை: இது பதிவில்லை. தலைப்பு வைக்காதீர்கள், முதல் பந்தியில் கொக்கி போடாதீர்கள், கடைசி வரியில் நெஞ்சைத் தொடாதீர்கள். நன்றாக எழுதத் தெரிந்தவனுக்கு உள்ள சாபம், வலியைக்கூட வடிவாக எழுதிவிட்டு, எழுதியதோடு தீர்ந்துவிட்டதென்று நினைப்பது. டாக்டருக்கு வேண்டியது வடிவில்லை. "மூன்று கிழமையாக் குளிக்கேல்லை" என்ற வெறும் வரிதான்.

உள்ளே போனதும் "ஜே நொத்தே கெல்க் புவான்" என்று சொல்லிக் கடதாசியை மேசையில் வையுங்கள். சில விஷயம் குறித்து வந்தேன், அவ்வளவுதான் அர்த்தம். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், ஷார்கோவின் பேரப்பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்புகள் வரும். வீட்டில் யாரும் எடுத்து வாசித்தால்? நியாயமான கேள்வி. ஒரே அறைக்குள் ஐந்தாறு பேர் இருக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். அடிக்கிற புருஷனோடு இருக்கிற பெண்ணுக்கு ஒரு கடதாசி உயிராபத்தாகவும் முடியலாம். அப்படியென்றால் வீட்டில் வைத்து எழுதவே வேண்டாம். ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் இருந்து எழுதுங்கள், கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வாருங்கள். எழுதவே தெம்பில்லாவிட்டால்? மூன்று சொல் போதும். அதுவும் ஏலாவிட்டால் ஒன்றும் எழுதாமல் போங்கள். கடதாசி எழுதவில்லை என்று ரொந்தேவூவைத் தவறவிடுவதுதான் பெரிய நட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பாரத்தை முழுக்க நோயாளியின் தலையில் வைப்பது அநியாயம். சுகமில்லாதவன்தான் எழுதிக்கொண்டு, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக்கொண்டு, சட்டப்பிரிவு தெரிந்துகொண்டு வர வேண்டும் என்றால் அது என்ன வைத்தியம்? இங்கே செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். 1979இல் தொடங்கி, கிரெம்லின் பிசேத்ரில் அகதிகளைப் பார்க்கிற கொமெத், தமிழ்–பிரெஞ்சு இருமொழிச் சுகாதாரக் கையேட்டிலேயே பங்கெடுத்தது. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கென்று 1995இல் தொடங்கிய பிரிமோ லெவி நிலையம் மொழிபெயர்ப்பாளரை அறைக்குள் இருத்தியே சிகிச்சை செய்கிறது. ஏலும் என்பதற்கு இவையே சாட்சி. மற்ற இடங்களிலும் அது வரும்வரைக்கும்தான் என் சின்னக் கடதாசி.

படிக்க வந்த தம்பி தங்கச்சிமாருக்கு: 'சாந்தே ப்சி எதுதியோ' என்று 2021இல் தொடங்கிய திட்டம் ஒன்று உண்டு. 2024 ஜூலையில் இருந்து வருடத்துக்கு 12 அமர்வு, காசு கட்டத் தேவையில்லை, டாக்டரின் கடிதமும் தேவையில்லை. வகுப்பில் இதைப்பற்றி ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும், அழித்திருப்பீர்கள், திரும்பத் தேடிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. லாச்சப்பல் கடைக் கண்ணாடிகளில் ஹோல் வாடகை, நடன வகுப்பு, சாத்திரம், வீசா என்று என்னவெல்லாமோ ஒட்டியிருக்கிறது. மேலே இருக்கிற ஆறு தலைப்பையும் ஒரு பக்கத்தில், இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் பிரெஞ்சிலும், நடுவில் வெறும் கோடு விட்டு அடித்துக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டு வைத்தால் என்ன? சாமானோடு சேர்த்து ஒன்றை எடுத்துப் பைக்குள் போடுவதை யாரும் கவனிக்கமாட்டார்கள். பிரெஞ்சுப் பக்கத்தை நான் எழுதிவிட்டேன். தமிழ்ப் பக்கத்துக்குச் சொல் தேவை. உங்கள் ஊரில் மனம் சரியில்லாததை உடம்பின் எந்த இடத்தில், என்ன சொல்லில் சொல்வார்கள்? வன்னியில், மட்டக்களப்பில், மலையகத்தில், புதுச்சேரியில், தஞ்சாவூரில்? பின்னூட்டத்தில் எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.

பி.கு: உயிர்போகிற அவசரத்துக்குக் கடதாசியும் வேண்டாம், ரொந்தேவூவும் வேண்டாம். பிரான்சில் 3114, தற்கொலைத் தடுப்பு எண், 2021 ஒக்டோபரில் இருந்து இரவு பகலாக, இலவசம். ஆபத்து கையெட்டும் தூரத்தில் என்றால் 15. பாரிசில் சந்தான் ஆஸ்பத்திரியின் அவசர மனநலப் பிரிவு 24 மணித்தியாலமும் திறந்திருக்கும், 14ஆம் வட்டாரம், 1, ரூ கபானி. இந்த மூன்றை மட்டுமாவது எழுதி பர்சுக்குள் வையுங்கள். உங்களுக்கு வேண்டியிராது. பக்கத்து அறைக்காரனுக்கு வேண்டிவரலாம்.